பூட்டிய அறைக் கொலைகள்: படிப்பதைவிடக் காதால் கேட்கும்போது இன்னும் பயமாக இருப்பது ஏன்?

பூட்டியகதவு:

பூட்டிய அறைக்குள் கொலை நடக்கிற கதைகள் ஏன் பிடிக்கின்றன என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் 'புதிர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. யார் கொன்றது என்று கேட்கும் கதையில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும், நாமும் ஒருவரைக் குறிவைத்துக்கொண்டே போவோம், சில சமயம் அது சரியாகவும் போய்விடும். எப்படிக் கொன்றிருக்க முடியும் என்று கேட்கும் கதையில் அந்த வசதி கிடையாது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, ஜன்னலுக்குத் தடுப்பு இருக்கிறது, அறைக்குள் ஒரு பிணம், வேறு யாரும் இல்லை. சந்தேகப்பட ஆளே இல்லாத இடத்தில் கடைசியில் நம் கண்ணையும் காதையும்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இந்தக் கதைகள் ஆளைப் பிடித்துக்கொள்வது அங்கேதான்.

ஜான் டிக்ஸன் கார், கார்ட்டர் டிக்ஸன் என்ற புனைபெயரில் 1938இல் எழுதிய 'தி ஜூடாஸ் விண்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இளைஞன் தன் வருங்கால மாமனாரைப் பார்க்கப் போகிறான். அவர் விஸ்கி கொடுக்கிறார். குடித்தவன் மயங்கி விழுகிறான். கண் விழித்தால் மாமனார் அம்பு பாய்ந்து செத்துக் கிடக்கிறார், கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருக்கிறது, ஜன்னல்களில் எஃகுத் தடுப்பு. அறைக்குள் உயிரோடு இருப்பது இவன் ஒருவன்தான். வழக்கு லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு வருகிறது, கதையின் துப்பறிபவரான சர் ஹென்றி மெரிவேல் அவனுக்காக வாதாடுகிறார். அவர் சொல்லும் ஒரு விஷயம்தான் நாவலின் உயிர்: எல்லா அறைகளிலும் ஒரு ஜூடாஸ் ஜன்னல் இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. அதைப் படித்த பிறகு நான் உட்கார்ந்திருந்த அறையை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு புதிர் இதைச் செய்யாது.

இந்த வகைக்குப் பழைய பரம்பரை உண்டு. எட்கர் ஆலன் போ 1841இலேயே தொடங்கிவைத்துவிட்டார், இஸ்ரேல் ஸாங்வில், கஸ்தோன் லெரூ எல்லோரும் வரிசையாக வருகிறார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்தவர் டிக்ஸன் கார்தான். 1906இல் பென்சில்வேனியாவில் பிறந்த அமெரிக்கர், இங்கிலாந்துப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு 1930களில் அங்கேயே குடியேறியவர். எழுதிய பேய்வீடும் பனியும் மூடுபனித் தெருவும் பெரும்பாலும் இங்கிலாந்தில்தான்.

இங்கே பலர் விட்டுவிடும் இன்னொரு பக்கம் அவர் ரேடியோவுக்கு எழுதியது. 1942, 43இல் அமெரிக்காவில் சிபிஎஸ் வானொலி நிறுவனத்தின் 'சஸ்பென்ஸ்' நிகழ்ச்சிக்கு, அப்புறம் இங்கிலாந்தில் பிபிசிக்கு. நாவலாசிரியர் பக்க வருமானத்துக்குச் செய்த வேலை என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பூட்டிய அறைக்கதையும் ரேடியோ நாடகமும் ஒரே கலை என்பது என் கட்சி. இரண்டிலுமே நாம் எதையும் நேரில் பார்ப்பதில்லை, யாரோ சொல்வதை வைத்து ஓர் அறையை நாமே மனதில் கட்டுகிறோம், நாமே கட்டிய அறைக்குள் நாமே ஏமாறுகிறோம்.

ரேடியோ நாடகம் கேட்டுப் பழகியவர்கள், மர்மக்கதை படிப்பவர்கள் இரண்டு பக்கமும் பேசுங்கள். ஒரே வேண்டுகோள், எந்தக் கதையின் விடையையும் இங்கே உடைக்காதீர்கள்.

சிற்றலை:

கதவு அண்ணா, நீங்கள் சொன்னதை அப்படியே நிரூபிக்கும் ஒரு நாடகம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! 'கேபின் பி-13'. 'சஸ்பென்ஸ்' நிகழ்ச்சியில் 1943 மார்ச்சில் முதலில் ஒலிபரப்பானது.

புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் கணவனோடு ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் ஏறுகிறாள். இருவருக்கும் பி-13 என்ற அறை. கொஞ்ச நேரம் மேல்தளத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கணவனைக் காணோம். சரி, கணவன் காணாமல் போவது எத்தனையோ கதைகளில் வருகிறது. இங்கே அறையையும் காணோம். கப்பலில் பி-13 என்று ஓர் அறையே கிடையாது, இருந்ததும் கிடையாது என்கிறார்கள். பயணிகள் பட்டியலில் அவள் பெயர் கல்யாணத்துக்கு முந்தைய பெயராக இருக்கிறது. கணவனோடு அவளைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். இதைப் படமாக எடுத்தால் அந்த அறையைக் காட்டியாக வேண்டும். 1953இல் ஹாலிவுட்டில் 'டேஞ்சரஸ் கிராஸிங்' என்ற பெயரில் எடுக்கவும் செய்தார்கள். கேமரா ஓர் அறையைக் காட்டிவிட்டால் பார்ப்பவர் மனதில் அந்த அறை இருப்பது உறுதியாகிவிடும், அவளை நாம் நம்பிவிடுவோம். ரேடியோவில் அந்த அறை அவள் குரலில் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்குப் புத்தி பேதலித்திருந்தால் நாம் அவளோடு சேர்ந்து இல்லாத அறைக்குள் போய் வந்திருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு உடம்பு சில்லிட்டது அந்த எண்ணத்தில்தான், கப்பலின் சங்கொலியில் இல்லை.

இந்த நாடகம் பிடித்துப் போய்த்தான் பிறகு 1948, 49இல் 'கேபின் பி-13' என்ற பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. மாரவேனியா என்ற கப்பலின் மருத்துவர் டாக்டர் ஃபேபியன் வாரா வாரம் ஒவ்வொரு துறைமுகத்துக் கதையாகச் சொல்லுவார். வருத்தம் என்னவென்றால் அந்தத் தொடரின் ஒலிப்பதிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். எழுத்துப் பிரதிகள் பிழைத்ததால் இப்போது புத்தகமாக வாசிக்க முடிகிறது.

நேர்க்கணக்கு:

இருவருக்கும் வணக்கம். எனக்கும் டிக்ஸன் கார் உயிர். ஆனால் ரேடியோ விஷயத்தில் நான் உடன்படவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சாத்தியமற்ற குற்றக் கதையின் முழு மதிப்பும் நேர்மையில் இருக்கிறது. எழுத்தாளர் எல்லாத் தடயங்களையும் நம் முன்னால் வைத்துவிட்டார், நாம்தான் கவனிக்கவில்லை என்று கடைசியில் உணர வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் புத்தகத்தைத் திருப்பிப் படிக்கிறோம். 'தி ஹாலோ மேன்' 1935இல் வந்த நாவல். அதை முடித்த கையோடு நான் முதல் அத்தியாயத்துக்குப் போனேன். எல்லாம் அங்கேயே இருக்கிறது. வெட்கமே இல்லாமல் கண் முன்னால் வைத்திருக்கிறார். முகமூடி போட்ட ஒருவன் பேராசிரியர் க்ரிமோவின் அறைக்குள் போகிறான், கதவை ஆட்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், உள்ளே துப்பாக்கி வெடிக்கிறது, கதவை உடைத்தால் வந்தவன் இல்லை, ஜன்னலுக்கு வெளியே பனியில் ஒரு காலடிகூட இல்லை. அதே இரவில் பனி மூடிய ஒரு தெருவின் நடுவில் இன்னொருவர் மிக அருகிலிருந்து சுடப்படுகிறார், பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள், அவர் பக்கத்தில் யாரும் இல்லை, அங்கேயும் வேறு காலடி இல்லை. இப்படிப்பட்ட இரண்டு விஷயங்களையும் ஒரே விடைக்குள் கொண்டுவர அவருக்கு ஒரு முழு நாவல் தேவைப்பட்டது.

ரேடியோவில் அரை மணி நேரம். அதில் அறிமுகம், இசை எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? 1943இல் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு வசனத்தைத் தவறவிட்டால் திருப்பிக் கேட்க வழியே கிடையாது. தடயத்தைக் கவனிக்கத் தவறுவது வேறு, இருமல் வந்ததால் கேட்காமல் போவது வேறு. ஆகவே ரேடியோ நாடகத்தில் அவர் கொடுப்பது பயமும் சூழலும்தான். அவை நன்றாகவே இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய அறைக்கலை என்று அதைச் சொல்வது அதிகம்.

ஒலிக்கூடம்:

நான் ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன். கதை நுணுக்கம் உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கால ஸ்டுடியோ எப்படி வேலை செய்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம், நேர்க்கணக்கு சார் சொன்னதற்கு அதிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது.

நேரடி ஒலிபரப்பு. நடிகர்கள் ஒரு பக்கம், இசைக்குழு ஒரு பக்கம், சத்தம் எழுப்புபவர் ஒரு பக்கம். அவரிடம் சட்டத்தில் பொருத்திய நிஜக் கதவே இருக்கும், நிஜத் தாழ்ப்பாள், நிஜப் பூட்டு. ஜல்லி நிரப்பிய தட்டில் நடந்தால் தோட்டத்துப் பாதை. பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோள மாவை ஒரு பையில் கட்டி விரலால் அழுத்துவார்கள், கேட்டால் பனி நொறுங்குகிற சத்தமேதான். அன்று புழங்கிய ரிப்பன் மைக்குக்கு முன்னும் பின்னும்தான் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் மந்தம். ஆகவே நடிகர் மைக்கை விட்டு ஓடவே வேண்டாம், இரண்டு அடி பக்கத்தில் நகர்ந்தால் போதும், கேட்பவருக்கு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஒரே மேஜையைச் சுற்றி நின்ற நான்கு பேரை வைத்து மாடி, கூடம், தோட்டம் என ஒரு முழு மாளிகையைக் கட்டினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் எழுத்தாளர் 'மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது' என்று எழுதினால் அது ஐம்பது பொருள்களில் ஒன்று. ரேடியோவில் தேவையில்லாத சத்தத்தை யாரும் எழுப்ப மாட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும், ஒத்திகை வேண்டும். கேட்பவருக்கும் இது உள்ளூரத் தெரியும். ஆகவே கடிகாரம் அடித்தால் காது நிமிர்கிறது, கதவு கிரீச்சிட்டால் நிமிர்கிறது. அப்படி எல்லாவற்றையும் கவனிக்கிற ஒருவரிடமிருந்து தடயத்தை எங்கே ஒளிப்பது? பயத்துக்குள்ளேதான். புயல் அடிக்கிறது, யாரோ கத்துகிறார்கள், நம் கவனம் முழுக்க அந்தக் கத்தலில் இருக்கும்போது ஒருவர் சாதாரணமாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறார். அதுதான் தடயம். சூழல் வேறு, தடயம் வேறு என்று நீங்கள் பிரித்தீர்கள் சார். ரேடியோவில் சூழல்தான் தடயத்தை மூடும் போர்வை. டிக்ஸன் காரின் நாடகங்களை இரண்டாவது தடவை கேளுங்கள், பயமான இடங்களில் யார் அமைதியாக என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

கேள்விக்குறி:

இந்த வகைக்குப் புதியவன். போன மாதம்தான் முதல் பூட்டிய அறைக்கதை ஒன்று படித்தேன் (பெயர் சொல்லவில்லை). முன்னூறு பக்கம் தூங்காமல் படித்துவிட்டுக் கடைசியில் விளக்கத்தைக் கேட்டதும் 'இவ்வளவுதானா' என்று ஆகிவிட்டது. இது எல்லாக் கதைக்கும் இப்படித்தானா? அப்படியென்றால் எதற்குப் படிக்கிறீர்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. எங்கே தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பூட்டியகதவு:

தம்பி, நல்ல கேள்வி. நீங்கள் கேட்டதை டிக்ஸன் காரே 1935இல் கேட்டுப் பதிலும் எழுதிவிட்டார். 'தி ஹாலோ மேன்' 17ஆம் அத்தியாயத்தில் துப்பறிபவரான டாக்டர் கிடியன் ஃபெல் கதையை நிறுத்திவிட்டு ஒரு சொற்பொழிவே செய்கிறார். கொலைகளைப் பற்றி எதற்கு இப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டால், நாம் ஒரு துப்பறியும் கதைக்குள்தான் இருக்கிறோம், அப்படி இல்லை என்று வாசகரை ஏமாற்ற வேண்டாம் என்கிறார். பிறகு பூட்டிய அறைக்குள் கொல்ல என்னென்ன வழிகள் உண்டு என்று ஒவ்வொன்றாக வகை பிரிக்கிறார். கொலையே இல்லாமல் தற்செயலாக அப்படித் தோன்றுவது, அறைக்குள் முன்பே வைத்த பொறி, வெளியே நடந்தது உள்ளே நடந்ததுபோலத் தெரிவது, இப்படி ஏழு. அதோடு விடாமல், கதவை உள்ளே பூட்டியதுபோல் காட்டும் உத்திகளுக்குத் தனிப் பட்டியல். தன் சரக்கு மூட்டை முழுவதையும் சந்தையில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, அப்புறமும் நம்மை ஏமாற்றுகிறார். இந்தத் தைரியம் வேறு யாருக்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஏமாற்றம் பற்றி அந்தச் சொற்பொழிவில் அவர் சொல்வது இதுதான்: விளைவு மாயம்போல் இருப்பதால் காரணமும் மாயமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துவிடுகிறோம். மந்திரம் இல்லை, மனித வேலைதான் என்று தெரிந்ததும் கோபம் வருகிறது.

நான் இதோடு ஒன்று சேர்ப்பேன். 'இவ்வளவுதானா' இரண்டு வகை. ஒன்று, நூலும் கம்பியும் கப்பியும் வைத்துக் கதவை இழுத்தார்கள் என்கிற வகை. அதைப் படித்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும், அதில் நான் ஏமாறவில்லை, எனக்குத் தெரியாத ஒரு கருவி இருந்தது, அவ்வளவே. இன்னொன்று, நான் பார்த்ததாக நினைத்தது நான் பார்த்ததே இல்லை என்று தெரிகிற வகை. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, எழுத்தாளரும் பொய் சொல்லவில்லை, நானே இரண்டு உண்மைகளுக்கு நடுவில் இல்லாத ஒன்றை இட்டு நிரப்பியிருக்கிறேன். இந்த இரண்டாவது 'இவ்வளவுதானா'வுக்காக எத்தனை முன்னூறு பக்கம் வேண்டுமானாலும் படிப்பேன்.

1946இல் வந்த 'ஹி ஹூ விஸ்பர்ஸ்' படியுங்கள். பிரான்ஸில் ஒரு பழைய கோபுரத்தின் உச்சியில் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டுக் கிடக்கிறார், அந்த நேரத்தில் யாரும் மேலே போயிருக்கவே முடியாது. அதில் உத்தியைவிட அந்தப் பெண் பாத்திரம்தான் மனதில் நிற்கிறது. ஊரே அவளைப் பிசாசு என்று பேசுகிறது. உண்மை தெரிந்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, அவளுக்காக வருத்தம் வந்தது. சாத்தியமற்றதாகத் தோன்றிய ஒரு குற்றத்தின் பழி முழுக்க ஒரு மனுஷி தலையில் எப்படி விழுந்தது என்பதுதான் அந்தக் கதை.

நேர்க்கணக்கு:

ஒலிக்கூடம் சொன்ன 'போர்வை' என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல வாதம். நேற்றிரவு ஒரு நாடகத்தை அப்படியே கேட்டும் பார்த்தேன். தடயம் இருக்கிறது. அலறலுக்கு அடுத்த வசனத்தில் இருக்கிறது.

ஆனாலும் என் கேள்வியின் பாதி நிற்கிறது. இன்று நம்மால் இரண்டாவது தடவை கேட்க முடிகிறது. அன்று? அந்தக் காலத்து ரேடியோக்காரர்களே இந்தக் குறையை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு எல்லரி க்வீன் என்ற துப்பறிபவரை வைத்து வந்த ரேடியோ நிகழ்ச்சி சாட்சி. 1939இல் சிபிஎஸ்ஸில் தொடங்கியது. விடை சொல்வதற்கு முன் நாடகத்தை நிறுத்திவிட்டு, ஸ்டுடியோவுக்கு அழைத்திருந்த விருந்தினர்களிடம் குற்றவாளி யார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள். அப்புறம்தான் க்வீன் விளக்குவார். கேட்பவருக்கும் யோசிக்க அவகாசம் கிடைத்தது. நேர்மையான ஆட்டம் என்றால் அதுதான். டிக்ஸன் கார் நாடகங்களில் அந்த இடைவெளி கிடையாது, கடைசி இரண்டு நிமிடத்தில் மூச்சுவிடாமல் விளக்கிவிட்டு இசை வந்துவிடும். சில நாடகங்களில் விளக்கம் அத்தனை அவசரமாக வருகிறது, பாதி புரிவதற்குள் முடிந்துவிடுகிறது. இதையும் நீங்கள் நல்ல கலை என்பீர்களா?

சிற்றலை:

அவசரம் உண்மைதான் சார், சில நாடகங்களில் எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் எல்லரி க்வீன் நிகழ்ச்சியை எதிர்ப்பக்கம் வைத்தீர்களே, அதில் ஒன்று கவனித்தீர்களா? நாடகம் நின்று, விளக்கு வெளிச்சத்தில் நாலு பேர் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கியதும் பயம் போய்விடுகிறது. அது ஓர் அறிவுப் போட்டி. டிக்ஸன் காருக்கு அறிவும் பயமும் ஒரே சமயத்தில் வேண்டும். பேய் செய்தது என்று பாதி நம்பிக்கொண்டே, பேயில்லை என்று நிரூபிக்கத் தவிக்க வேண்டும். நிறுத்தி யோசிக்க விட்டால் பேய் செத்துவிடும்.

பிபிசியில் அவர் எழுதிய 'அப்பாயின்ட்மென்ட் வித் ஃபியர்' 1943 செப்டம்பரில் தொடங்கியது. அது எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். போர் நடக்கிறது, குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கிலாந்து முழுக்க இருட்டடிப்பு, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. அந்த இருட்டில் உட்கார்ந்து, கதை சொல்லியான 'கறுப்பு மனிதர்' பேசுவதைக் கேட்டார்கள். வாலன்டைன் டயல் என்ற நடிகரின் கனத்த குரல். பூட்டிய அறைக்கதையைப் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்தே கேட்ட மக்கள் அவர்கள். இவ்வளவு நிஜமான கொலை வெளியே நடந்துகொண்டிருந்தபோது கற்பனைக் கொலையை ஏன் விரும்பிக் கேட்டார்கள் என்று நான் நிறைய யோசித்ததுண்டு. வானத்திலிருந்து விழும் குண்டுக்கு விளக்கம் கிடையாது, யார் வீட்டில் விழும் என்பதற்குக் காரணம் கிடையாது. இந்த நாடகத்திலோ எத்தனை பயங்கரமாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து, இது இப்படித்தான் நடந்தது, இதைச் செய்தவர் இவர்தான் என்று சொல்லிவிடுவார். அந்தக் கடைசி இரண்டு நிமிடத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் பயப்பட அவர்களால் முடிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த பிபிசி ஒலிப்பதிவுகளில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன, அமெரிக்க 'சஸ்பென்ஸ்' மட்டும்தான் பெரும்பாலும் தப்பியது.

எங்கள் வீட்டில் ஆகாசவாணி நாடகம் ஓடும்போது அம்மா சமையலறையிலிருந்தே கேட்பார், முகம் பார்க்காமல் குரலிலேயே 'இவன் பொய் சொல்றான்' என்று முதலிலேயே சொல்லிவிடுவார். ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காது உண்டு. நேர்க்கணக்கு சார் சொல்கிற 'திருப்பிப் பார்க்க முடியாத குறை' அவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையாக இருந்திருக்காது.

மூங்கில்திரை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஓசையும் பூட்டிய அறையும் என்று பேச்சு வந்ததால் ஜப்பானைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யோகோமிஸோ ஸெய்ஷி 1946இல் எழுதிய 'ஹோன்ஜின் கொலைகள்'. டிக்ஸன் காரைப் படித்து ஊக்கம் பெற்றவர் அவர். ஜப்பானிய வீட்டில் பூட்டிய அறை என்பதே சிரமம். காகிதத் தடுப்பும் நகரும் கதவும் உள்ள வீட்டில் எதைப் பூட்டுவது? அவர் ஒகாயாமா பக்கத்துக் கிராமத்தில், 1937இல், ஒரு பழைய குடும்பத்துக் கல்யாண இரவை எடுத்துக்கொண்டார். மணமக்கள் தோட்டத்தில் உள்ள தனி வீட்டில் தூங்குகிறார்கள். விடியற்காலையில் அலறல், கூடவே கோத்தோ என்ற தந்தி வாத்தியத்தை யாரோ வெறிபிடித்ததுபோல் மீட்டும் சத்தம். கதவை உடைத்தால் இருவரும் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார்கள். வெளியே பனி, அதில் வாள் மட்டும் நட்டபடி நிற்கிறது, காலடி இல்லை.

கவனியுங்கள், அங்கே யாரும் கொலையைப் பார்க்கவில்லை. எல்லாரும் கேட்கிறார்கள். புத்தகமாக இருந்தும் அதன் மையம் ஓர் ஓசைதான். கதவு அண்ணா சொன்னது சரி என்றே நினைக்கிறேன். காதால் மட்டும் கேட்ட சாட்சியைக் கதைக்குள் வைக்கும் எந்த எழுத்தாளரும் பாதி ரேடியோ நாடகம்தான் எழுதுகிறார்.

நெறியாளர்:

தனிச்செய்தியில் இரண்டு பேர் 'தி ஹாலோ மேன்' விடையை எழுதலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தனி இழை திறந்து தலைப்பிலேயே எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள். இந்த இழை புதியவர்களுக்கும் திறந்திருக்கட்டும்.

நேர்க்கணக்கு:

சிற்றலை அக்கா, இருட்டடிப்பு பற்றி நீங்கள் எழுதியதை நான் யோசித்திருக்கவில்லை. அது என் வாதத்துக்கு நேர்ப்பதில் இல்லை, ஆனால் என் வாதம் எவ்வளவு தூரம்தான் போகும் என்று காட்டிவிட்டது.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாவலும் ரேடியோ நாடகமும் ஒரே கலை இல்லை. நாவலில் அவர் விரிவான கட்டடம் கட்டுகிறார். ரேடியோவில் ஒரே ஒரு மாய வித்தையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் செய்கிறார். 1981இல் பதினேழு மர்ம எழுத்தாளர்களிடமும் விமர்சகர்களிடமும் மர்மச் சிறுகதை எழுத்தாளர் எட்வர்ட் ஹோக் கருத்துக் கேட்டபோது பூட்டிய அறை நாவல்களில் முதலிடம் 'தி ஹாலோ மேன்'. அந்தப் பட்டியலுக்கு நிகராக ரேடியோ நாடகம் எதையும் நான் வைக்க மாட்டேன். ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆளை உட்கார வைப்பது வேறொரு திறமை, அதை நான் குறைத்துப் பேசிவிட்டதுபோல் யாருக்காவது பட்டிருந்தால் அது என் எண்ணம் இல்லை.

ஒலிக்கூடம்:

சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை சார்.

கேள்விக்குறி தம்பி, உங்களுக்குப் பதில் இன்னும் பாதியில் நிற்கிறது. ரேடியோவில் முதலில் 'கேபின் பி-13' கேளுங்கள், 1943இல் வந்த அரை மணி நேர நாடகம், தொடர் இல்லை. இணையத்தில் பழைய ரேடியோ சேமிப்புகளில் 'சஸ்பென்ஸ்' எளிதாகக் கிடைக்கிறது, பெரும்பாலான பதிவுகள் தப்பியிருக்கின்றன. அடுத்து 1942 டிசம்பரில் வந்த 'தி பிரைட் வேனிஷஸ்'. இத்தாலியில் காப்ரி தீவு, ஒரு மாளிகை, அதன் பால்கனியிலிருந்து முன்பு ஒரு மணப்பெண் காணாமல் போயிருக்கிறாள், அங்கே இன்னொரு புதுமணத் தம்பதி வாடகைக்கு வருகிறார்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள். அந்த ஒலிப்பதிவுகள் ஒரே தடத்தில் பதிவானவை. ஹெட்போனில் கேட்டால் குரல் நம் தலைக்குள் உட்கார்ந்துவிடுகிறது, ஸ்பீக்கரில் கேட்டால் அறையின் ஒரு மூலையிலிருந்து வருகிறது. அப்படிக் கேட்கத்தான் அவை எழுதப்பட்டன. பழைய வட்டுகளிலிருந்து எடுத்தவை என்பதால் கரகரப்பு இருக்கும், சில நிமிடத்தில் காது பழகிவிடும்.

பூட்டியகதவு:

நாவல் பக்கம் நான் சொல்கிறேன். 'தி ஹாலோ மேன்'-ஐ முதலில் எடுக்காதீர்கள், அது சிக்கல் அதிகம், கொஞ்சம் பழகிய பிறகு படித்தால்தான் அந்தச் சொற்பொழிவின் ருசி தெரியும். 'தி ஜூடாஸ் விண்டோ'வில் தொடங்குங்கள். நீதிமன்றக் காட்சிகள் என்பதால் ஒவ்வொரு சாட்சியும் அறையை ஒரு தடவை நமக்காக விவரிக்கிறார், புதிதாகப் படிப்பவருக்கு எதுவும் தப்பாது. பிறகு 'ஹி ஹூ விஸ்பர்ஸ்'. மூன்றாவதாக மூங்கில்திரை சொன்ன ஜப்பானிய நாவல், ஆங்கிலத்தில் கிடைக்கிறது, சின்னப் புத்தகம்தான்.

கேள்விக்குறி:

'கேபின் பி-13' கேட்டுவிட்டேன் அண்ணா, ஸ்பீக்கரில்தான். விடையைச் சொல்லவில்லை, ஆனால் ஒன்று கேட்கலாமா? ஆரம்பத்தில் கப்பலில் ஏறும்போது வருகிற பேச்சு, அதை முடிந்த பிறகு திரும்பப் போட்டுக் கேட்டேன். எல்லாரும் சாதாரணமாகப் பேசுவதாகத்தான் முதல் தடவை பட்டது. இரண்டாவது தடவை வேறு மாதிரி கேட்கிறது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை, எனக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டாவது வகை 'இவ்வளவுதானா' இதுதானா? 'தி பிரைட் வேனிஷஸ்' இன்று ராத்திரி. 'தி ஜூடாஸ் விண்டோ' ஆர்டர் போட்டாயிற்று.

பூட்டியகதவு:

அதேதான் தம்பி. புத்தகம் வந்ததும் புது இழை திறங்கள், நீதிமன்றப் பகுதியில் எந்தச் சாட்சியை நம்பினீர்கள் என்று எழுதுங்கள், நாங்கள் விடையைச் சொல்லாமல் பேசுகிறோம்.